அட்லாண்டா எரிந்த வழி: ‘கான் வித் த விண்ட்’ பயணக் குறிப்புகள்

முதல் நாள்: பீச்ட்ரீ தெரு

‘கான் வித் த விண்ட்’ என்ற 1939 ஹாலிவுட் படத்தை மனதில் வைத்துக்கொண்டு அட்லாண்டாவில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, நாயகி ஸ்கார்லெட்டின் டாரா மாளிகை எங்கே இருக்கிறது என்பதுதான். அப்படியொரு மாளிகை ஜார்ஜியாவில் இருந்ததே இல்லை. ஸ்கார்லெட்டாக விவியன் லீயும் ரெட் பட்லராக கிளார்க் கேபிளும் நடித்த காட்சிகள் எல்லாம் கலிஃபோர்னியாவில், பெரும்பாலும் கல்வர் சிட்டியில் இருந்த செல்ஸ்னிக் ஸ்டுடியோவிலும் அதன் பின்புறத் திடலிலும் எடுக்கப்பட்டவை. ஜார்ஜியாவின் செம்மண் வேண்டுமே என்று செங்கல்லைத் தூளாக்கித் தரையில் கொட்டினார்கள். ஷூட்டிங் நடந்த இடம் பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

ஆனாலும் இந்த ஊருக்கு வரவேண்டிய காரணம் வலுவானது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும் இந்தப் படத்தில் ஒரு போர்க்களக் காட்சிகூடக் கிடையாது. செய்தி வருகிறது, இறந்தவர்கள் பட்டியல் வருகிறது, காயம்பட்டவர்கள் வருகிறார்கள், ஊர் எரிகிறது. சண்டை மட்டும் கண்ணில் படுவதில்லை. படம் காட்டாமல் விட்ட அந்தக் களங்களில் பல அட்லாண்டாவைச் சுற்றி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. இடைவேளை வரையிலான முதல் பாதியை மட்டும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். இந்தப் பயணத்துக்கு அது போதும்.

விமான நிலையத்துக்குள்ளேயே மார்ட்டா என்ற நகர ரயிலின் நிலையம் இருக்கிறது. சிவப்புத் தடம், தங்கத் தடம் இரண்டுமே நகரின் நடுப்பகுதிக்குப் போகும்; ஒரு பயணத்துக்கு 2.50 டாலர். முதல் மூன்று நாட்களுக்கு ரயிலும் பஸ்ஸும் போதும். கடைசி இரண்டு நாட்களுக்குக் கார் இல்லாமல் முடியாது. முகவரி போடும்போது ஒரு எச்சரிக்கை: பீச்ட்ரீ என்ற பெயரில் இந்த ஊரில் டஜன் கணக்கில் சாலைகள் உண்டு. பீச்ட்ரீ ஸ்ட்ரீட், வெஸ்ட் பீச்ட்ரீ ஸ்ட்ரீட், பீச்ட்ரீ சென்டர் அவென்யூ மூன்றும் வேறு வேறு. முழுப் பெயரையும் போடாவிட்டால் மேப் உங்களை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும்.

மிட்டவுன் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால், படத்தின் மூல நாவலை எழுதிய மார்கரெட் மிட்செலின் வீடு. 1899இல் கட்டிய இந்த வீட்டை 1919இல் பத்துக் குடித்தனங்களாகப் பிரித்தார்கள். தரைத்தளத்தில் முதலாம் எண் குடித்தனத்தில் 1925 முதல் 1932 வரை மிட்செலும் கணவர் ஜான் மார்ஷும் இருந்தார்கள். 1926இல் கணுக்கால் கோளாறால் பத்திரிகை வேலையை விட்ட மிட்செல், நாவலின் பெரும்பகுதியை இங்கேதான் எழுதினார். கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதி, மற்றவற்றை முன்பின்னாக எழுதி, அத்தியாயம் அத்தியாயமாகக் கவர்களில் போட்டு வைத்திருந்தார். அறைகளின் அளவைக் கண்ணால் பார்த்தால்தான், அத்தனை பெரிய நாவல் எவ்வளவு சிறிய இடத்தில் எழுதப்பட்டது என்பது உறைக்கும். 1994இலும் 1996இலும் இரண்டு முறை தீப்பிடித்து, மீட்டுக் கட்டிய வீடு இது. 2024 கோடையில் புதிய கண்காட்சியோடு மறுபடி திறந்தார்கள். நாவலும் படமும் அடிமை முறையை எப்படி மெழுகிப் பூசின என்பதை இந்தக் கண்காட்சி நேராகப் பேசுகிறது. அவசரப்படாமல் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து பீச்ட்ரீ ஸ்ட்ரீட்டில் வடக்கே நடந்தால் 13ஆம் தெருச் சந்திப்பு. 1949 ஆகஸ்ட் 11 அன்று சினிமாவுக்குப் போவதற்காகச் சாலையைக் கடந்தபோது மிட்செல் மீது கார் மோதியது இங்கேதான். ஐந்து நாள் கழித்து இறந்தார். தெற்கே வந்தால் ஃபாக்ஸ் தியேட்டருக்கு எதிரே ஜார்ஜியன் டெரஸ் ஹோட்டல். 1935இல் பதிப்பகத்தார் ஒருவரிடம் அந்தக் கவர் கட்டுகளை அவர் ஒப்படைத்தது இந்த ஹோட்டலில். 1939 டிசம்பரில் படக்குழுவினர் தங்கியதும் இங்கேதான்.

படம் முதன்முதலாகத் திரையிடப்பட்ட லோவ்ஸ் கிராண்ட் தியேட்டர் இப்போது இல்லை. 1978 ஜனவரியில் தீப்பிடித்தது. அந்த இடத்தில் ஜார்ஜியா பசிஃபிக் கோபுரம் நிற்கிறது. பீச்ட்ரீ சென்டர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். படம் திரையிடப்பட்ட 1939 டிசம்பர் 15ஐ மாநில விடுமுறையாக அறிவித்தார் ஆளுநர். நட்சத்திரங்களைப் பார்க்கத் தெருவில் மூன்று லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள். ஸ்கார்லெட் வீட்டு அடிமைப் பணிப்பெண் மேமியாக நடித்த ஹாட்டி மெக்டானியல் அந்தக் கூட்டத்தில் இல்லை. நிறப்பிரிவினைச் சட்டம் அவரை அந்த அரங்கில் உட்கார விட்டிருக்காது. இரண்டரை மாதத்தில், 1940 பிப்ரவரி 29 அன்று, ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். அந்த விழாவிலும் அவருக்குத் தனி மேசைதான்.

இரண்டாம் நாள்: ஓக்லாண்ட், கேபேஜ்டவுன்

கிங் மெமோரியல் நிலையத்தில் இறங்கினால் ஓக்லாண்ட் கல்லறைத் தோட்டம் நடக்கும் தூரம். 1850இல் தொடங்கியது, 48 ஏக்கர், நுழைவுக் கட்டணம் இல்லை. மிட்செல் கல்லறையைத் தேடுகிறவர்கள் பலர் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம், பெரிய எழுத்தில் அங்கே பொறித்திருப்பது மார்ஷ் என்ற கணவரின் குடும்பப் பெயர். நுழைவாயில் அருகே வரைபடம் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு போங்கள்.

கல்லறையைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். கூட்டமைப்பு என்று அழைக்கப்பட்ட தென் மாநிலங்களின் படைவீரர்கள் பகுதியில் ஆயிரக்கணக்கான சிறு கற்கள் ஒரே சீராக நிற்கின்றன. பக்கத்திலேயே அடையாளம் தெரியாத வீரர்களுக்காக 1894இல் வைத்த கல் சிங்கம் இருந்தது, 2021இல் அகற்றிவிட்டார்கள். அதையும் தாண்டி ஆப்பிரிக்க அமெரிக்கர் பகுதிக்குப் போங்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்ட இடம். பெரும்பாலான இடங்களில் கல்லே இல்லை, புல்வெளிதான். ஆரம்பத்தில் அடிமைகளுக்கென்று வேறொரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். பிற்பாடு அந்த மூலை வெள்ளையர் கல்லறைகளுக்குத் தேவைப்பட்டபோது உடல்களைத் தோண்டி இங்கே மாற்றினார்கள். படத்தில் எந்நேரமும் சிரித்தபடி வீட்டு வேலை பார்க்கும் அடிமைகளை நினைத்துக்கொண்டு இந்தப் புல்வெளியில் பத்து நிமிடம் நின்றாலே போதும்.

கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மதிலைத் தாண்டினால் கேபேஜ்டவுன். இங்கே இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாக இருக்கும் பழைய ஃபுல்டன் நூற்பாலைதான் இந்தப் பயணத்தின் மையமான இடம் என்று தயங்காமல் சொல்லலாம். ஆலை கட்டுவதற்கு முன்பு இந்த இடத்தில் இரும்பு உருக்கித் தண்டவாளம் செய்யும் ஆலை இருந்தது. 1864 செப்டம்பர் 1 இரவு, ஊரைக் கைவிட்டுக் கிளம்பிய கூட்டமைப்புத் தளபதி ஜான் பெல் ஹூட், எடுத்துப்போக முடியாத வெடிமருந்து ரயிலை இங்கே நிறுத்திக் கொளுத்தச் செய்தார். 81 பெட்டிகள். வெடிச்சத்தம் பல மைல் தூரம் கேட்டது. பக்கத்திலிருந்த உருக்காலையும் அதோடு தரைமட்டமானது.

படத்தில் ரெட் பட்லர் குதிரைவண்டியில் ஸ்கார்லெட்டை அழைத்துக்கொண்டு தப்பிக்கும்போது எரிவது இந்தத் தீதான். வடக்குத் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவைக் கொளுத்திய காட்சி என்றே முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷெர்மனின் தீ அதற்கும் இரண்டரை மாதம் கழித்து, நவம்பர் மத்தியில், கடலை நோக்கிப் படை கிளம்பும் நேரத்தில் வைக்கப்பட்டது. முதல் தீயை வைத்தது தென்னவர் படையே. பின்வாங்குகிற நம் ஆட்கள்தான் கொளுத்தியிருப்பார்கள் என்ற பொருளில் படத்தில் ரெட்டே சொல்கிறான். தீயின் பிரம்மாண்டத்தில் அந்த வசனம் காதில் விழாமல் போய்விடுகிறது.

அந்தக் காட்சியை எடுத்த விதமும் தெரிந்திருந்தால் நல்லது. 1938 டிசம்பர் 10 இரவு, ஸ்டுடியோத் திடலில் கிடந்த பழைய செட்களுக்குப் புதிதாக முகப்பு வைத்துக் கொளுத்தினார்கள். 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தில் பயன்பட்ட பெரிய மதிலும் அதில் எரிந்தது. அப்போது கையில் இருந்த டெக்னிக்கலர் கேமராக்கள் ஏழையும் வைத்துப் பிடித்தார்கள். ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான், ரீடேக் கிடையாது. ஸ்கார்லெட்டாக யார் நடிப்பது என்று அன்றுவரை முடிவாகவில்லை. வண்டியில் இருந்தவர்கள் டூப் நடிகர்கள். விவியன் லீயைத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் நேரில் சந்தித்ததும் அந்த இரவில்தான். (லீ பிறந்தது டார்ஜிலிங்கில். 1953இல் ‘எலிஃபண்ட் வாக்’ படத்துக்காக இலங்கைக்கு வந்தார். உடல்நலம் குன்றி விலக, எலிசபெத் டெய்லர் அந்த வேடத்தில் நடித்தார்.)

மாலையில் ஆபர்ன் அவென்யூவுக்குப் போய்விடுங்கள். எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயம் அங்கே இருக்கிறது. படத்தின் முதல் காட்சிக்கு முந்தின நாள் இரவு, வெள்ளையருக்கு மட்டுமான நடன விருந்தில் இந்தத் தேவாலயத்துப் பாடகர் குழுவைப் பாட வைத்தார்கள். குழுவில் நின்ற சிறுவர்களில் ஒருவன் பத்து வயது மார்ட்டின் லூதர் கிங்.

மூன்றாம் நாள்: அட்லாண்டா ஹிஸ்டரி சென்டர்

பக்ஹெட் பகுதி. ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் பஸ்ஸோ வாடகைக் காரோ பிடிக்க வேண்டும். திங்கட்கிழமையில் இந்த இடத்தைத் திட்டமிட வேண்டாம். கிளம்பும் முன் அன்றைய நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது சைக்ளோரமா. 49 அடி உயரம், கால்பந்து மைதானத்தைவிட நீளமான ஒரே ஓவியத்தை வட்டமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நடுவே மேடையில் நின்று சுற்றிப் பார்க்க வேண்டும். 1864 ஜூலை 22 அன்று அட்லாண்டாவுக்குக் கிழக்கே நடந்த சண்டை, மாலை நாலரை மணி வாக்கில் எப்படி இருந்ததோ அப்படி. 1886இல் மில்வாக்கியில், பெரும்பாலும் ஜெர்மன் ஓவியர்கள் வரைந்தது. வடக்கின் வெற்றியைக் கொண்டாட வரைந்த ஓவியம் 1892இல் அட்லாண்டாவுக்கு வந்தபோது, சிறைபிடிக்கப்பட்டு ஓடும் தென்னவர்களின் சாம்பல் நிறச் சீருடைக்கு நீலம் அடித்து வடக்கத்தியர் ஆக்கிவிட்டார்கள். ஒரு தூரிகை வேலையில் தோல்வி வெற்றியாகிவிட்டது. அந்த வண்ணம் பின்னால் திருத்தப்பட்டது.

ஓவியத்துக்கும் மேடைக்கும் நடுவே மண், புதர், தண்டவாளம், பிளாஸ்டர் சிப்பாய்கள் என்று ஒரு முப்பரிமாணத் தரை. இது 1930களில் சேர்த்தது. அதில் பங்கெடுத்த ஓவியரும் வரலாற்றாளருமான வில்பர் கர்ட்ஸ்தான் படத்துக்கும் தொழில்நுட்ப ஆலோசகர். கீழே செத்துக்கிடக்கும் சிப்பாய்களைக் கவனமாகப் பாருங்கள். ஒருவன் மல்லாந்து கிடக்கிறான், மெல்லிய மீசை. கிளார்க் கேபிளின் முகம்! 1939இல் இங்கே வந்துபோன கேபிளுக்காகப் பிற்பாடு வைத்தது. கேட்டால் அங்கிருக்கும் ஊழியர்கள் திசை காட்டுவார்கள்.

அதே வளாகத்தில் ‘டெக்சஸ்’ என்ற நீராவி எஞ்சின் நிற்கிறது, போர்க்காலத்து எஞ்சின். அதன் பக்கத்தில் நின்றுகொண்டு வரைபடத்தைப் பிரித்துப் பாருங்கள். 1860 கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேரைக்கூட எட்டாத ஊர் அட்லாண்டா. அதற்காக இரண்டு பெரும் படைகள் மோதிக்கொள்ள ஒரே காரணம் ரயில். வடக்கே சாட்டனூகா, கிழக்கே அகஸ்டா, தெற்கே மேக்கன், தென்மேற்கே வெஸ்ட் பாயின்ட் என்று நான்கு திசை ரயில்பாதைகள் இங்கே கூடின. முதல் பாதையில் வந்து, மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக அறுப்பதுதான் ஷெர்மனின் வேலை. அடுத்த இரண்டு நாளும் அந்தப் பாதைகளின் வழியே.

நான்காம் நாள்: கென்னசா மலை, மரியெட்டா

75ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே நாற்பது கிலோமீட்டர். தேசியப் போர்க்களப் பூங்கா. வண்டி நிறுத்த நாளுக்கு 5 டாலர். சனி, ஞாயிறில் காலை ஒன்பது மணிக்குமேல் வந்தால் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சிரமம். உள்ளூர்க்காரர்கள் நடைப்பயிற்சிக்கு வரும் மலை இது. பார்வையாளர் மையத்திலிருந்து உச்சிக்கு ஒரு மைல் செங்குத்துப் பாதை. பிடிப்புள்ள காலணியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் வேண்டும். ஜூன், ஜூலை வெயிலும் புழுக்கமும் சென்னைவாசிகளையும் களைக்க வைக்கும். மேலே நின்றால் தெற்கே அட்லாண்டாவின் கட்டடங்கள் தெரியும். இந்த உயரம் தென்னவருக்கு ஏன் அத்தனை முக்கியம் என்று அங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் முக்கியமான இடம் உச்சி இல்லை. தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சீத்தம் ஹில்தான். பலர் உச்சியோடு திரும்பிவிடுகிறார்கள். 1864 ஜூன் 27 காலை, வாரக்கணக்கான மழைக்குப் பிறகு, சுற்றிவளைத்தே முன்னேறிவந்த ஷெர்மன் இங்கே நேருக்கு நேர் மோதிப் பார்த்தார். அவர் பக்கம் ஏறக்குறைய மூவாயிரம் பேர், எதிர்ப்பக்கம் ஆயிரம் பேர் அளவில் மாண்டோ காயம்பட்டோ வீழ்ந்தார்கள். இல்லினாய் மாநிலம் 1914இல் நிறுவிய வெள்ளைப் பளிங்கு நினைவுச்சின்னத்துக்கு மேலே தென்னவரின் மண் அரண் இன்றும் கரையாக நிற்கிறது. வடக்குச் சிப்பாய்கள் சில பத்து கஜம் தள்ளிப் படுத்துக்கொண்டே பள்ளம் பறித்து நாட்கணக்கில் கிடந்தார்கள். அரணுக்கு அடியில் சுரங்கம் தோண்டத் தொடங்கிய வாய் கூட அடையாளமிட்டு இருக்கிறது. அரண்களின் மேல் ஏறி நடக்காதீர்கள். மண் சரிந்தால் திரும்பக் கட்ட முடியாது, அபராதமும் உண்டு.

படத்தில் ஸ்கார்லெட் மருத்துவமனையில் காலை வெட்டும் அலறல் பொறுக்காமல் ஓடிவருவாளே, அந்தக் காயங்கள் இந்தச் சரிவுகளிலிருந்தும் இதற்கு அடுத்த மாதத்துச் சண்டைகளிலிருந்தும் வந்தவை.

திரும்பும் வழியில் மரியெட்டா. இங்கே பிரம்பி ஹாலில் படத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம். தேனிலவுக் காட்சியில் ஸ்கார்லெட் அணிந்த பெங்கலைன் துணி கவுன் அசலானது. ஆடை வடிவமைப்பாளர் வால்டர் பிளங்கெட்டின் தையல் நுணுக்கம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். நேரம் குறைவாக இருந்தால் இதைக் குறைத்துக்கொண்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வடக்குப் படையினர் புதைந்திருக்கும் தேசியக் கல்லறையைப் பாருங்கள்.

ஐந்தாம் நாள்: ஜோன்ஸ்பரோ

தெற்கே மேக்கன் ரயில்பாதை. ஆகஸ்ட் 25 இரவு அட்லாண்டாவைச் சுற்றியிருந்த வடக்குப் படை திடீரென்று அகழிகளைக் காலி செய்தது. முற்றுகை முடிந்தது என்று ஊருக்குள் மகிழ்ந்தார்கள். படை போனது பின்வாங்க இல்லை. மேற்கே சுற்றிவந்து, மிச்சமிருந்த இந்தக் கடைசிப் பாதையை அறுக்க. ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் ஜோன்ஸ்பரோவில் சண்டை. பாதை போனது, அன்றிரவே ஹூட் ஊரைவிட்டார், முன்பு சொன்ன 81 பெட்டிகள் எரிந்தன.

நாவலில் டாரா பண்ணை இந்த ஊருக்கு ஐந்து மைல் தள்ளி, ஃபிளின்ட் ஆற்றின் பக்கம். சண்டை நடந்தது ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே. ஸ்கார்லெட்டின் நாத்தனார் மெலனிக்குக் குழந்தை பிறந்த அந்த செப்டம்பர் 1 இரவில், எரியும் ஊரிலிருந்து தப்பித்த ஸ்கார்லெட், இரண்டு படைகள் மோதி முடித்த இடத்தை நோக்கியே வண்டியை ஓட்டிப் போகிறாள். பாலத்தடியில் ஒளிவதும், செத்த சிப்பாய்கள் கிடக்கும் வெளியைக் கடப்பதும் வெறும் சினிமாப் பரபரப்பு இல்லை என்று வரைபடம் காட்டிக்கொடுக்கிறது. ரெட் அவளை விட்டுவிட்டுப் போகும் ரஃப் அண்ட் ரெடியும் உண்மையான ஊர். இன்று விமான நிலையத்தின் கிழக்கு ஓரம்.

ஊரில் 1867இல் கட்டிய ரயில் நிலையக் கட்டடத்தில் ‘ரோடு டு டாரா’ அருங்காட்சியகம். சிறியது, ஒரு மணி நேரம் போதும். பழைய தடத்தில் சரக்கு ரயில்கள் இன்றும் வாசலை உரசிக்கொண்டு போகின்றன. அருகே 1839ஆம் ஆண்டுப் பண்ணைவீடு ஸ்டேட்லி ஓக்ஸ். இதைப் பார்த்தால் ஒன்று விளங்கும்: பருத்தி விளைந்த வடக்கு ஜார்ஜியாவில் மிராசுதார் வீடுகளும் அநேகமாக எளிமையானவை. மிட்செல் எழுதிய டாராவும் சுண்ணாம்பு அடித்த, ஒழுங்கற்ற செங்கல் வீடுதான். வெள்ளைத் தூண்களை நிறுத்தியது ஹாலிவுட்.

அந்தத் தூண்களின் கதி: ஒட்டுப்பலகையும் பிளாஸ்டருமாக இருந்த டாராவின் முகப்பு, ஸ்டுடியோவில் இருபது வருடம் வெயிலில் கிடந்து, 1959இல் பிரித்து ஜார்ஜியாவுக்கு வந்தது. சுற்றுலா இடமாக்கும் திட்டம் கைகூடவில்லை. 1979இல், முன்னாள் ஆளுநர் ஹெர்மன் டால்மேட்ஜின் மனைவியாக இருந்த பெட்டி டால்மேட்ஜ் அதை வாங்கினார். துண்டுகள் லவ்ஜாயில் ஒரு கொட்டகைக்குள் அடுக்கப்பட்டன. அது தனியார் இடம். முன்பதிவு செய்த குழுக்களைத் தவிர யாரையும் விடுவதில்லை. வேலியோரம் நின்று எட்டிப்பார்க்கவும் ஒன்றும் தெரியாது.

மதியத்துக்குமேல், தென்னவர் தளபதி ஒருவரின் பெயரில் இருக்கும் பேட்ரிக் கிளிபர்ன் நினைவுக் கல்லறைக்குப் போங்கள். இந்த இரண்டு நாள் சண்டையில் விழுந்த பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களின் கற்கள் பெயரின்றி நிற்கின்றன. இறப்புப் பட்டியலைக் கூட்டம் பிடுங்கிப் படிக்கும் காட்சி படத்தில் உண்டே, அப்படியொரு பட்டியலில்கூட ஏறாதவர்கள் இவர்கள்.

நாலு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். 75ஆம் எண் நெடுஞ்சாலை மாலையில் நெரிசலில் ஊர்ந்து போகும். அவசரம் இல்லையென்றால் நெடுஞ்சாலையை விட்டு, ரயில்பாதையை ஒட்டியே ஓடும் பழைய சாலையில் ஃபாரஸ்ட் பார்க் வழியாக வாருங்கள். ஸ்கார்லெட் வந்த வழியை எதிர்த்திசையில் கடப்பீர்கள், காரை ஒப்படைக்கும் விமான நிலையமும் அந்தப் பக்கம்தான்.